வெளியூர்க் கையெழுத்து

பார்க்காத டப்பாவைப் பார்த்ததாக எழுதியவன் நான். அதுவும் வெயிலில் நின்று எழுதவில்லை. பிரவுசிங் சென்டரில், மின்விசிறிக்கு நேர் கீழே, பக்கத்தில் ஒரு தம்ளர் பருத்திப்பாலை வைத்துக்கொண்டு எழுதினேன்: 'ஏறு வெயிலில் ஒரு மணி நேரம் தேடிக் கண்டடைந்தேன். டப்பா நலமாக உள்ளது. வைத்தவருக்கு நன்றி.'

'டப்பா நலமாக உள்ளது' என்பது கேட்காமலே நான் சேர்த்த வரி. பொய் சொல்லும்போது ஒரு சுற்று கூடுதலாகச் சொல்லிவிடுவது தொழில் வியாதி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அப்போது எனக்கு எழுத்து வேலை. தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு நீதிவாக்கியம் வருமே, அது நான்தான். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. அதில் வாய்மையைப் பற்றி மட்டும் ஒரு டஜன் தேறும்.

நான் பொய் சொன்னது பாயிடம். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். வழக்கம்போல என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

பாய்க்குச் சிவகாசியில் கட்டிங் மிஷின். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்கள் பெரிய தாள்களாக அச்சாகி வரும். அவற்றை அடுக்கி, தட்டி, நேராக்கி, வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். அரை நூல் பிசகினாலும் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுவார். வாங்க வந்தவனே "பரவால்ல பாய், ஒட்டிக்கலாம்" என்றாலும் கொடுக்க மாட்டார். "நீங்க ஒட்டிக்கிருவீக. எனக்குத் தெரியும்ல?" என்பார்.

அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது சோப்பு டப்பா அளவில் மஞ்சள் நிறக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பூமியில் நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லும் கருவி. வேறு மாமனாராக இருந்தால் அதை ஷோகேசில் வைத்துப் பூட்டியிருப்பார். பாய், இதை வைத்து என்ன செய்யலாம் என்று விசாரித்து, ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கருவியோடு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் பதிவு எழுத வேண்டும். பரிசு ஏதும் கிடையாது. முள் குத்தும்.

எங்கள் வட்டாரத்தில் ஆட்டக்காரர்கள் மொத்தம் நாலு பேர். பாய், நான், பிரவுசிங் சென்டர்காரர், ஒரு பி.டி. மாஸ்டர். இணையத்தில் எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. என்னுடையது 'மலைச்சிங்கம்'. மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

பாய் வைத்த முதல் டப்பா விஸ்வநத்தம் போகிற பாதையில், ஒரு பாலத்தடியில். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்பாரற்ற ஒரு பெட்டியைச் சாலையோரம் வைத்துவிட்டு வருவது சின்ன விஷயமில்லை. அதனால் பாய், எந்தக் கம்பெனி காம்பவுண்டுக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது, தகர டப்பா கூடாது, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாதான் வேண்டும் என்று தாமே விதி செய்துகொண்டார். மேலே லேபிளும் ஒட்டினார். லேபிள் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 'இது வெடி அல்ல. விளையாட்டுப் பொருள். திறந்து பார்த்துவிட்டு நன்றாக மூடி வைக்கவும்.' அதோடு விட்டிருக்கலாம். ஒளிவுமறைவு கூடாதென்று கீழே கடை விலாசத்தையும் அச்சடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு லோடுமேன் கடை வாசலில் வந்து நின்றார்.

"பாய், ஒங்க டப்பாவப் பாலத்தடியில போட்டுட்டு வந்துட்டீகளே! நல்லவேள, நான் பாத்தேன்."

பாய் என்ன செய்வார்? உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை திரும்பப் போய் ஒளித்து வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ஒரு வேன் டிரைவர் கொண்டுவந்தார். அவருக்கும் டீ. மூன்றாவது தடவையும் அந்த லோடுமேனே கொண்டுவந்து, "வயசாயிருச்சுல்ல பாய், மறதி வரத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். உலகமெங்கும் ஆட்டக்காரர்களின் டப்பாக்களைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பாயின் டப்பாவை மட்டும் நல்லவர்கள் வாழவிடவில்லை. அடுத்த டப்பாவில் அவர் விலாசம் போடவில்லை.

டப்பாவைக் கண்டால் பாய் உடனே கை வைக்க மாட்டார். ஒரு கனைப்பு. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் கனைப்போமே, அது. பிறகுதான் மூடியைத் திறப்பார். உள்ளே ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டுச்செல்லும் சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும் என்பது முறை. சிவகாசியில் எல்லார் சட்டைப்பையிலும் இருப்பது பாக்கெட் காலண்டர். என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டீக்கடைக்கு வந்தவர் எங்கள் மூவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "டப்பாவத் தொறந்தா மூணு பாக்கெட் காலண்டர். மூணும் போன வருசத்துது. இத எவன் எடுப்பான்?"

"சும்மாதான பாய் கெடந்துச்சு, அதான் வச்சேன்" என்றார் பிரவுசிங் சென்டர்காரர்.

"சும்மா கெடக்குறதப் போடுறதுக்கு அது என்ன பரணா? எடுத்ததுக்கு ஒரு படி மேல வைக்கணும். முடியலையா, எடுக்காம வந்துரணும்." பிறகு பி.டி. மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எணையத்துல 'ஓகே'ன்னு மட்டும் எழுதியிருக்கீக. ஒருத்தன் முள்ளுக்குள்ள கைய விட்டு ஒளிச்சு வச்சிருக்கான். கல்யாண வீட்டுல சாப்ட்டுட்டு சொல்லாமக்கொள்ளாமப் போற மாதிரில்ல இருக்கு?"

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், ஊர்ல இருக்கதே நாலு பேரு. இதுல சட்டம் வேறயா?"

"நாலு பேரா இருக்கதுனாலதான் சட்டம். நாப்பது பேரு இருந்தா ஒருத்தன் தப்பு கூட்டத்துல மறைஞ்சு போகும். இங்கன மறைய எடமில்ல."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நால்வரில் அதிகம் தோற்றவர் பாய்தான். தோற்றார் என்பது எங்கள் கணக்கு. தேடிக் கிடைக்காவிட்டால் நாங்கள் பேசாமல் வந்துவிடுவோம். அவர் ஒவ்வொரு முறையும் இணையத்தில் போய் 'கிடைக்கவில்லை' என்று எழுதுவார். ஒரே மலையடிவாரத்துக்கு ஐந்து முறை போய் ஐந்து முறை எழுதியிருக்கிறார். ஐந்தாவது பதிவு: 'இன்றும் கிடைக்கவில்லை. குறை என் கண்ணில்தான்.' இதெல்லாம் ஊர் பார்க்க எழுத வேண்டுமா பாய் என்று கேட்டேன்.

"தம்பி, கெடச்சதுன்னு எழுதுறவன் அவனுக்கு எழுதுறான். கெடைக்கலைன்னு எழுதுறவன் அடுத்து வாறவனுக்கு எழுதுறான். டப்பா காணாமப் போச்சுன்னா பெறகு எப்படித்தான் தெரியிறது?"

நல்ல வாக்கியம். அந்த வருடக் காலண்டரில் சேர்த்துக்கொண்டேன். கடைப்பிடிக்கத்தான் தோன்றவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பட்டாசு யூனிட்டுகளைத் தாண்டி, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. அதன் கல்லிடுக்கில் பாய் ஒரு டப்பா வைத்திருந்தார். வைத்து மூன்று வருடமாகியும் அதன் நோட்டில் எங்கள் மூவருடைய கையெழுத்து மட்டும்தான். அதிலும் என்னுடையது, முதல் வருடம் பாய் தாமே வழிகாட்டிக் கூட்டிப்போய்ப் போடவைத்தது. பாய்க்கு ஒரே ஒரு ஆசை. வெளியூர்க்காரன் ஒருத்தன், யாரும் சொல்லாமல், எண்களை மட்டும் நம்பி வந்து, அந்த டப்பாவை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "அப்பத்தான் தம்பி இது வெளையாட்டு. அதுவரைக்கும் நாம நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கண்ணக் கட்டிக்கிட்டு இருக்கோம், அம்புட்டுத்தான்."

ஒரு புரட்டாசியில் அந்த வெளியூர்க்காரர் கிடைத்தார். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனிக்காரர். டைரி ஆர்டர் கொடுக்கச் சிவகாசி வருகிறவர், இந்த ஆட்டத்திலும் பழம் தின்று கொட்டை போட்டவர். இணையத்தில் பார்த்துவிட்டு, அந்தக் கிணற்றடி டப்பாவைத் தேட வரலாமா என்று பாய்க்கு மின்னஞ்சலில் கடிதம் போட்டிருந்தார். பாய் அந்தக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து, நாலு ஓரத்தையும் மிஷினில் வெட்டி நேராக்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் டப்பாவைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. காலண்டர், தீபாவளி இரண்டு சீசனும் சேர்ந்து மிஷினை நிறுத்த முடியாத நேரம். என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு எட்டுப் போயி டப்பா இருக்கான்னு பாத்துட்டு வந்துருங்க. பாத்தா பதிவும் எழுதிருங்க. அவரும் பாப்பாரு, ஒரு தெம்பா இருக்கும்."

போகிறேன் என்றேன். மறுநாள் கேட்டார், "போனீகளா?" இல்லை, நாளைக்கு. அதற்கு மறுநாளும் கேட்டார். வெயில், பஸ் கிடையாது, இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். நாலாவது நாள் அவர் "போனீகளா?" என்று கேட்பதைத் தாங்க முடியாமல், பருத்திப்பாலோடு உட்கார்ந்து அந்த மூன்று வரியை எழுதினேன். மூன்று வருடம் இருந்த டப்பா நாலு நாளில் எங்கே போய்விடும் என்பது என் தர்க்கம்.

அடுத்த வாரம் கோவைக்காரர் வந்த அன்று காலையில் பாய் மிஷினை அரை நாள் நிறுத்தினார். சீசனில் அப்படி நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை. பையில் மூடி கழற்றாத புதுப் பேனா. லேபிள் கட்டு ஏற்றும் அவருடைய வேனை நான் ஓட்டினேன்; அவருடைய டிரைவர் லோடு எடுக்கப் போயிருந்தார். கோவைக்காரர் லாட்ஜ் வாசலில் நிற்பது தெரிந்ததும் பாய் என் காதருகே குனிந்தார்.

"போன வாரம் பாத்தது நீங்கன்னு அவர்ட்ட மூச்சுவிடப்படாது. சொன்னீகன்னா ஒங்க மொகத்தப் பாத்தே தேடுவாரு. அது முறையில்ல."

என் முகத்தைப் பார்த்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். தலையாட்டினேன்.

கிணற்றுக்கு ஐம்பது தப்படி முன்னாலேயே பாய் நின்றுவிட்டார். வைத்தவன் கூட நடந்தால் தேடுகிறவனுக்கு அவன் கால் வழி சொல்லிவிடுமாம். நின்றதோடு சரி என்று பார்த்தால், கிணற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பியும் கொண்டார். ஏன் என்றேன்.

"கண்ணு அடங்காது தம்பி. அது இருக்க எடத்துக்குத்தான் போகும்."

ஆக, கோவைக்காரர் கருவியோடு கிணற்றைச் சுற்றிவர, பாய் எதிர்த்திசையில் சீமைக்கருவேல மரங்களைப் பார்த்து நிற்க, நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு, கடவுளே, அந்த டப்பா இருக்க வேண்டும் என்று இரண்டு மதத்துக்கும் பொதுவாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் போயிற்று.

"ஏனுங்க, கல்லுக் கல்லாப் பாத்துட்டனுங்க. ஒண்ணையும் காணமுங்க!"

பாய் திரும்பாமலே குரல் கொடுத்தார். "பொறுமையாப் பாருங்க. போன வாரங்கூட நம்ம ஆளு ஒருத்தரு பாத்துருக்காக. டப்பா நலமா இருக்குன்னு எழுதியிருக்காக!"

"படிச்சனுங்க. அந்த மலைச்சிங்கம்ங்கறவருக்கு ஒரு போனப் போட்டு, ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கேக்கலாமுங்களா?"

நான் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேக்கப்படாது. அவரு பக்கத்துல நின்னாக்கூடக் கேக்கப்படாது" என்றார் பாய், என்னைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணைச் சிமிட்டியபடி.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் பாய் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார். குறிப்புக் கொடுக்கத் துடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் பொய்யை அவருடைய மரியாதைதான் வேலிபோட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரமாயிற்று. கோவைக்காரரின் சட்டை கிழிந்து, முழங்கையில் ரத்தம். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டி.

"ஏலே, அங்குட்டு எங்க போற?" என்று ஒரு ஆட்டை அதட்டிவிட்டு, எங்களைப் பார்த்தார். "என்னத்தய்யா இம்புட்டு நேரமாத் தேடுறீக? நானும் அங்கன இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்றார் பாய். வெளியாளிடம் டப்பாவைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதும் முறைதான்.

அந்த அம்மா மரத்தடியில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலை டப்பாவை எடுத்தார். நீள்சதுர பிளாஸ்டிக் டப்பா. மூடியில் வெயிலுக்கு வெளுத்த லேபிள். நாலு ஓரமும் கத்தியால் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது.

பாய் ஒரு முறை கனைத்தார்.

"இது எங்கன எடுத்ததும்மா?"

"இந்தா, இந்தக் கெணத்துக் கல்லுக்குள்ளதான். பங்குனிப் பொங்கலுக்கு முந்தி. ஏன், ஒங்களுதா? என் மகதான் எழுத்துக்கூட்டிப் படிச்சா, தொறந்து பாத்துட்டு மூடி வைக்கணுமாம்லன்னு. தொறந்து பாத்துட்டு மூடித்தான வச்சிருக்கேன்? நோட்டக்கூடக் கிழிக்கல. எழுதியிருந்துச்சா, என்னமோ ஏதோன்னு வச்சிருக்கேன்."

இதற்குள் கோவைக்காரரும் வந்துவிட்டார். அவர் விரல்விட்டு எண்ணினார். பங்குனி, சித்திரை, வைகாசி... புரட்டாசிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஆறு மாசமாச்சுங்களே. அப்பறம் எப்புடிங்க போன வாரம் ஒருத்தரு பாத்தேன்னு எழுதுனாரு?"

பாய் என் பக்கம் திரும்பவில்லை. கண் அடங்காது என்று சொன்ன மனுஷர். அன்றைக்கு அந்தக் கண் ஒரு நூல்கூட என் பக்கம் நகரவில்லை.

"அது எங்க ஊருத் தப்பு" என்றார். "நாங்க சரி பண்ணிக்கிடுறோம். நீங்க மன்னிக்கணும்."

கோவைக்காரர் தங்கமானவர். "அட விடுங்க பாய். டப்பாதான் கெடச்சிருச்சில்லோ? நோட்டக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறனுங்க. ரெண்டு மணி நேரம் தேடியிருக்கறனில்ல" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

பாயின் கை சட்டைப்பைக்குப் போனது. பேனாவைத் தொட்டது. மூன்று வருடமாகக் காத்திருந்த வெளியூர்க் கையெழுத்து. நோட்டு எதிரே, ஆள் எதிரே. போடட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் போட்டுவிட்டால் என் பொய்யும் பாதி கரைந்துவிடும் என்கிற கணக்கும் அதில் இருந்தது.

"வேண்டாம்" என்றார் பாய். "நீங்க டப்பாவக் கண்டுபிடிக்கல. டப்பாதான் நடந்து ஒங்ககிட்ட வந்திருக்கு. அது சேத்தியில்ல. கெடைக்கலைன்னே எழுதுங்க."

கோவைக்காரர் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. பாய் அந்த அம்மாவிடம் நோட்டை மட்டும் கேட்டு வாங்கினார். டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா நீட்டியதற்கு, "நீங்க நல்லா மூடி வச்சிருக்கீக. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்து, "மக படிக்கிதுல்ல, குடுங்க" என்று கொடுத்தார். நோட்டை எடுத்ததற்கு ஒரு படி மேலாக வைக்க வேண்டுமே.

திரும்பும் வழியில் கோவைக்காரரை லாட்ஜில் இறக்கிவிட்டோம். கடை வரைக்கும் வேனில் பாயும் நானும் மட்டும். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன், சொல்லப்போனால் ஏங்கிக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து இறங்கியபின் கதவைப் பிடித்தபடி சொன்னார்:

"கொடைய நல்லாப் பிடிச்சீக."

அதற்குப் பிறகு மிஷின் சத்தம்தான்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: 'நான் இந்த டப்பாவைத் தேடவே போகவில்லை. வெயிலுக்குப் பயந்து பொய்ப் பதிவு எழுதினேன். வருந்துகிறேன்.' எழுதியதும் காலண்டரில் வரக்கூடிய ஆளாக என்னை உணர்ந்தேன். சாயங்காலம் பாய் வந்து திரையில் மூக்கை ஒட்டிப் படித்தார்.

"வெயிலுக்குப் பயந்துன்னு போட்டிருக்கீக."

"ஆமா பாய்."

"அந்த வாரம் ரெண்டு நாளு மழைல்ல பேஞ்சது? அதையும் எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். அன்றைக்கு இணையத்தில் அந்த டப்பாவின் பக்கத்தில் இன்னொரு பதிவும் வந்திருந்தது. கோவைக்காரருடையது. 'இரண்டு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. வைத்தவரைப் பார்த்தேன். அதற்கே வரலாம்.' பாய் அதைத் தாளில் அச்செடுக்கச் சொன்னார். கடைக்குக் கொண்டுபோய் ஓரம் வெட்டினார். அந்தத் தீபாவளி சீசன் முடிந்ததும் அதே கிணற்றில் புது டப்பா வைத்தார். லேபிளில், 'எடுத்த இடத்திலேயே' என்று இரண்டு வார்த்தை சேர்ந்திருந்தது.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கோவைக்காரரிடம் முகம் காட்டாமல் தப்பித்தது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். மலைச்சிங்கம் நான்தான், இரண்டு மணி நேரமும் ஐம்பது தப்படி தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தக் கிழிந்த சட்டையும் முழங்கை ரத்தமும் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்றெல்லாம் எழுதியிருந்தேன். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்துக்குப் போன் வந்தது.

"லெட்டரு வந்துச்சுங்க. அட, நீங்கதானா அது? நான் உங்கள வேன் டிரைவருன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். அப்புறம் என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் சொன்னார்: "அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அந்தக் கிளச்சு மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறத மட்டும் உட்ருங்க, வண்டி தாங்காது."